திருச்சுழி தந்த சரணாகதி

மானாவாரி மண்ணான திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். மதுரை அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றபோது, ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதும் தண்டனை பெற்றார். 1896 ஆகஸ்ட் 29 அன்று அதைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டைத் துறந்தார்.

தண்டனைக்கு அஞ்சிய ஓட்டமாகவே அது தோன்றும். ஆனால், அண்ணனின் கல்லூரிக் கட்டணமான 5 ரூபாயில் பயணத்துக்கென 3 ரூபாயை மட்டும் எடுத்து, கட்டணம் செலுத்தப்படவில்லை என்றும் எழுதிவைத்தே சென்றார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்ததும் எஞ்சிய காசைக் குளத்தில் எறிந்தார். திரும்பும் வழியை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

ரமண மகரிஷியான அவர், கையில் புற்றுநோய் கண்டு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தபோதும் நலம் வேண்டி இறைவனிடம் மன்றாடவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று அங்கேயே மறைந்தார். விளைவுக்கு அஞ்சி இறைவனை நாடுவது தற்காப்பு; விளைவையும் அவனிடமே ஒப்படைப்பதுதான் சரணாகதி.