யார் இந்த மார்கரெட் கசின்ஸ்? நம்ம ஊர் பெண்களின் ஓட்டுக்குப் பின்னால் ஓர் அயர்லாந்துப் பெண்

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் தேர்தல் நாளன்று பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவது இன்று சாதாரண விஷயம். ஆனால் 1921-க்கு முன்பு இந்த ஊர் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தபோது, இங்கே மட்டுமல்ல, பிரிட்டிஷ் இந்தியாவின் எந்த மாகாணத்திலும் சட்டமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த நிலையை மாற்றப் போராடியவர்களில் ஒருவர், கடல் கடந்து சென்னைக்குப் பிழைக்க வந்த மார்கரெட் கசின்ஸ்.

யார் இவர்?

1878-ல் அயர்லாந்தின் பாய்ல் என்ற சிற்றூரில் பிறந்தவர். டப்ளினில் இசை படித்துப் பட்டம் வாங்கினார். 1903-ல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அங்கேயும் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. அதைக் கேட்டு 1908-ல் தோழிகளோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனு கொடுத்தும் பலன் இல்லை என்றதும் போராட்டம் சூடானது. லண்டனில் கல் எறிந்து 1910-ல் ஒரு மாதம் சிறை. 1913-ல் டப்ளினில் மறுபடியும் அதே குற்றம், அதே தண்டனை. இந்த முறை சிறைக்குள் உண்ணாவிரதமும் இருந்தார்.

சென்னைக்கு ஏன் வந்தார்?

1845-க்குப் பிறகு வந்த பெரும்பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் ஊரை விட்டே கிளம்பினார்கள். நியூயார்க், பாஸ்டன், லிவர்பூல் என்று அவர்கள் போன நகரங்கள் பல. கசின்ஸ் தம்பதியும் முதலில் லிவர்பூலுக்குத்தான் போனார்கள். ஆனால் அங்கே நிலைக்கவில்லை. அன்னி பெசன்ட் நடத்திய நாளிதழில் ஜேம்ஸுக்கு வேலை கிடைக்க, 1915-ல் சென்னை வந்து இறங்கினார்கள்.

அந்த வேலையும் நீடிக்கவில்லை. 1916-ல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி ஜேம்ஸ் எழுதிய கட்டுரை சிக்கலானது. அவரை மதனப்பள்ளி கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பினார் பெசன்ட். வந்த ஊரில் வேர்விடும் முன்பே அடுத்த ஊர்!

அந்த மதனப்பள்ளிக்கு 1919-ல் ரவீந்திரநாத் தாகூர் வந்தார். அவர் பாடிக் காட்டிய 'ஜன கண மன' மெட்டுக்கு மார்கரெட்தான் இசைக்குறிப்பு எழுதி வைத்தார். அது பின்னாளில் தேசிய கீதமானது.

ஓட்டுரிமை எப்படிக் கிடைத்தது?

1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. தலைவர் பெசன்ட். அதைத் தொடங்கியவர்களில் மார்கரெட் முக்கியமானவர்.

அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தார். அவரைச் சந்திக்கப் பெண்கள் குழு ஒன்றை மார்கரெட் ஏற்பாடு செய்தார். தலைமை தாங்கியவர் சரோஜினி நாயுடு. ஆண்களுக்கு ஓட்டு கொடுத்தால் பெண்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

பிரிட்டிஷ் அரசு நேரடியாகச் சம்மதிக்கவில்லை. அந்தந்த மாகாண சட்டசபையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. 1921 ஏப்ரலில் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல் மாகாணமாகப் பெண்களுக்கு ஓட்டு தர முடிவு செய்தது சென்னை மாகாணம்தான்.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை இருந்தது. சொத்தோ வரி கட்டும் தகுதியோ இருந்தால்தான் ஓட்டு. நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்த காலம் அது. களை எடுக்கும், நாற்று நடும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. கிராமத்துப் பெண்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டது 1952-ல் முடிந்த முதல் பொதுத்தேர்தலில்தான்.

மறுபடியும் சிறை

1920-களில் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார் மார்கரெட். இந்தியாவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் இவர்தான். 1927-ல் புனேயில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கும் இவரே முக்கியக் காரணம்.

மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் என்பதால் அரசுக்கு அடங்கிப் போய்விடவில்லை. பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களைக் கண்டித்து 1932-ல் பேசினார். ஓராண்டு தண்டனை. வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஒதுங்கி நின்றது ஏன்?

முத்துலட்சுமி ரெட்டி, கமலாதேவி சட்டோபாத்யாய போன்றவர்கள் முன்னுக்கு வந்தபோது, இனி இது இவர்கள் நடத்த வேண்டிய போராட்டம் என்று உணர்ந்து மார்கரெட் பின்னால் நகர்ந்தார். மனசுக்குள் ஆசை இருந்தும் அப்படிச் செய்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தொடங்கி வைத்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது அவ்வளவு சுலபம் இல்லையே!

1940-களில் பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் விழுந்தார். கையில் பணம் இல்லை. சென்னை அரசும் பிரதமர் நேருவும் உதவினார்கள். 1954-ல் அடையாறில் காலமானார்.

சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற நிலை மாறி, நம்ம ஊர் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் ஓட்டுப் போட்ட அந்த 1952 தேர்தலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார்.