மேரி கியூரி அம்மையாரின் ஆராய்ச்சிப் பருவம்

நூல் பல கற்றுத் தேர்வில் வெல்லுதல் ஒன்று. ஒருவரும் அறியாத பொருளை ஆராய்ந்து கண்டு அவையோர்க்கு மெய்ப்பித்தல் மற்றொன்று. டாக்டர் பட்டம் பின்னதற்கே உரியது. அதன் இலக்கணத்தை மேரி கியூரி அம்மையார் வரலாற்றிற் காணலாம்.

அம்மையார் 1867ஆம் ஆண்டில் வார்சா நகரிற் பிறந்தவர். அந்நாளில் உருசிய ஆட்சிக்குட்பட்டிருந்த அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பெண்டிர்க்கு இடமில்லை. ஆதலின், பிறர் மனைகளிற் குழந்தைகட்குக் கற்பித்துப் பெற்ற ஊதியத்தால் தமக்கையார் பாரிசு நகரிற் பயிலத் துணைசெய்து, 1891இல் தாமும் ஆங்குச் சென்று சோர்போனிற் சேர்ந்தனர். 1893இற் பௌதிகத் தேர்வில் முதலிடமும், 1894இற் கணிதத் தேர்வில் இரண்டாமிடமும் பெற்றனர். 1895இற் பியேர் கியூரி என்னும் அறிஞரை மணந்தனர்.

ஆராய்வார்க்கு முதற்கண் வேண்டுவது பொருட்டெரிவு. 1896இற் பெக்கரல் என்பார் யுரேனியத்தினின்று ஒருவகைக் கதிர் வெளிப்படுதலைக் கண்டனர். அறிஞர் பலரும் எக்ஸ் கதிரையே நோக்கி நின்றமையின், இதனைத் தொடர்ந்தாராய்ந்தார் சிலரே. அம்மையார் இதனையே மேற்கொண்டு, கணவரும் அவர் தமையனாரும் அமைத்த நுண்கருவியால் கதிரின் வலியை அளந்தனர். அவ்வலி யுரேனியத்தின் அளவைப் பொறுத்ததேயன்றி, அது கூடியுள்ள பொருளையும் ஒளி வெப்பங்களையும் பொறுத்ததன்று. ஆகவே அஃது அணுவின் இயல்பே எனத் துணிந்தனர்.

பிட்ச்பிளெண்டு என்னும் கனிப்பொருளோ யுரேனியத்தினும் ஏறக்குறைய நான்கு மடங்கு வலியுடையதாயிருந்தது. அளவையிற் பிழையென்று தள்ளாது மீட்டும் மீட்டும் அளந்து, அறியப்படாத மூலப்பொருள் அதனுள் மறைந்திருத்தல் வேண்டுமெனக் கருதினர். புகை கொண்டு தீயுண்மை துணிதல் போல்வதோர் அனுமானம் இது. கணவரும் தம் ஆராய்ச்சியை நிறுத்தி உடனுழைத்தனர். 1898இற் பொலோனியம், ரேடியம் என்னும் இரண்டும் அறிவிக்கப்பட்டன.

எனினும், பொருளைப் பிரித்து அணுநிறை காட்டினாலன்றி இரசாயன நூலார் ஒப்பார். அனுமானத்தைக் காட்சியாக்கும் பொருட்டு, மழையொழுகுங் கொட்டகையில் டன் கணக்கான கனிக்கழிவைக் காய்ச்சியும் வடித்தும் பல்லாண்டு உழைத்தனர். இடையே மகவை வளர்த்தலும், பெண்கள் கல்லூரியிற் கற்பித்தலும் உளவாயின. 1902இற் கிடைத்த ரேடிய உப்பு ஒரு கிராமிற் பத்திலொரு பங்கே. அதுகொண்டு அணுநிறை 225 எனக் கணித்தனர். இன்று கொள்ளப்படுவது 226.

1903 சூன் 25இல், தம் ஆசிரியர் லிப்மன் முதலிய மூவர் முன் ஆராய்ச்சியுரையை நிலைநாட்டிப் பட்டம் பெற்றனர். அவ்வாண்டிலேயே கணவரோடும் பெக்கரலோடும் நோபல் பரிசிலும் எய்தினர். நெடுங்காலம் கதிர்பட்டமையால் விளைந்ததெனக் கருதப்படும் குருதிநோயால் 1934இல் மறைந்தனர்.

பட்டம் அவர்க்கு ஒரு நாளில் வந்தது. அதனை அவர்க்கு உரியதாக்கியது, மாறுபட்ட அளவொன்றைப் புறக்கணியாது இறுதிகாறும் பின்சென்ற உறுதியேயாம்.