மனமலர்ச்சியும் ஒரு தவமே
கவிக்குயில் சரோஜினி நாயுடு

பக்தியில் நிலைபெறுவதற்குரிய சாதனங்கள் ஏழினை ஸ்ரீராமானுஜர் தமது ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்துக்காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாசம், கிரியை, கல்யாணம் என்னும் முதல் ஐந்தைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். இறுதியில் வரும் இரண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அனவசாதம் என்பது துன்பத்தால் மனம் துவண்டு போகாதிருத்தல். அனுத்தர்ஷம் என்பது இன்பத்தால் மனம் நிலைகுலைந்து துள்ளாதிருத்தல். சுவாமி விவேகானந்தர் தமது பக்தியோக நூலில் இவ்விரண்டையும் விளக்கியுள்ளார். கீதையின் 17-ஆம் அத்தியாயமும் மனத்தால் செய்யும் தவத்தைக் கூறத் தொடங்கும்போது மனமலர்ச்சியையே முதலில் வைக்கிறது. ஆகவே மலர்ந்த மனம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம், மற்றவர்க்கு அது கிட்டாது என்று ஒதுக்கிவிட இயலாது. அது பழகிப் பெற வேண்டிய ஒன்று.

இந்த உண்மைக்குச் சான்று தேடும்போது துறவியரின் வரலாறுகளே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பட்டுப் புடவையையும், சுவையான உணவையும், நண்பர்களின் அரட்டையையும் கடைசி வரை விரும்பிய ஒரு பெண்மணியின் வாழ்விலும் அது தெளிவாகத் தென்படுகிறது. அவரே ஹைதராபாத்தின் திருமகள், பாரதத்தின் கவிக்குயில் என்று போற்றப்பட்ட சரோஜினி நாயுடு.

திறந்த வீடு

1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஹைதராபாத்தில் சரோஜினி பிறந்தார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் வங்காளத்தின் விக்ரம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். எடின்பரோவில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, நிஜாம் அரசில் கல்விப் பணிக்காக வந்தவர். பிற்காலத்தில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்வி நிலையம் அவருடைய உழைப்பால் உருவானது. தாய் வரதசுந்தரி. எட்டுக் குழந்தைகளில் சரோஜினியே மூத்தவர்.

அகோரநாத்தின் வீட்டுக் கதவு எவருக்கும் அடைத்ததில்லை. பண்டிதரும் பக்கிரியும், கவிஞரும் இரசவாதியும், அறிஞரும் இரந்துண்போரும் அங்கு ஒன்றாக அமர்ந்தனர். உலோகத்தைப் பொன்னாக்கும் ஆய்வில் அவருக்கு இருந்த ஈடுபாடு கடைசி வரை தீரவில்லை, பொன் கிடைக்கவுமில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவும் இல்லை, அவருடைய சிரிப்பும் குறையவில்லை. மகளுக்கு அவர் வைத்துச் சென்ற செல்வம் இதுவே என்று கூறலாம்.

கண்டிப்பும் இருந்தது. ஒன்பது வயதில் ஆங்கிலம் பேச மறுத்த சிறுமியைத் தந்தை ஓர் அறையில் தனியே அடைத்து வைத்தார். அறையிலிருந்து வெளியே வந்தவர் அதன்பின் தந்தையுடன் ஆங்கிலமே பேசினார். தாயிடமும் ஆங்கிலத்திலேயே பேசினார்; தாய்தான் அவரிடம் இந்துஸ்தானியில் பேசினார். மகளைக் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ ஆக்குவது தந்தையின் எண்ணம். பதினோராவது வயதில் ஒரு கணக்கு விடைக்கு வராமல் சிறுமி திணறிக்கொண்டிருந்தபோது, விடைக்குப் பதிலாக ஒரு கவிதை வந்தது. பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம் பெற்று அவர் நாடெங்கும் பெயர் பெற்றார்.

பதின்மூன்றாம் வயதில் கடுமையான நோய் வந்தது. புத்தகத்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் தடை விதித்தார். படுக்கையில் கிடந்த சிறுமி, அந்த மருத்துவரை மறுப்பதற்கென்றே 2000 அடிகள் கொண்ட ஒரு நாடகத்தை எழுதினாள்! இது குழந்தையின் பிடிவாதம். போற்றத்தக்கது என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதன்பின் உடல்நலம் முழுமையாகத் திரும்பவே இல்லை. இருதயக் கோளாறும் காய்ச்சலும் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தன. சரோஜினியின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர். அவர் நலமான உடலில் இருந்துகொண்டு சிரித்தவர் அல்லர்.

அந்நகரத்தைப் பற்றிய மற்றொரு செய்தியை இங்கே குறிப்பிடலாம். 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாடு செல்லும் தமது நோக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அன்று சரோஜினிக்குப் பதினான்கு வயது நிறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நிஜாம் வழங்கிய உதவித்தொகையுடன் அவரும் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். உடல்நலம் இடம் தராததால் பட்டம் பெறாமலே 1898-இல் நாடு திரும்பினார்.

அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் திருமணம் நடைபெற்றது. மணமகன் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடு வேறு சாதி, வேறு மொழி. சாதி கடந்த திருமணம் அரிதாயிருந்த அந்நாளில், ஆந்திரத்தின் சீர்திருத்தச் சிற்பி கந்துகூரி வீரேசலிங்கம் அதை நடத்தி வைத்தார். ஹைதராபாத்தில் அவர்கள் வாழ்ந்த இல்லத்திற்கு, 1905-இல் வெளிவந்த அவருடைய முதல் கவிதைத் தொகுதியின் பெயரே அமைந்தது: பொன்வாசல். ஜெயசூர்யா, பத்மஜா, ரணதீரா, லீலாமணி என்று நான்கு குழந்தைகள் அங்கு வளர்ந்தனர். தந்தையின் வீட்டைப் போலவே இவ்வீட்டின் கதவும் திறந்தே இருந்தது. 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இருப்பிடமாக அமைந்ததும் இவ்வீடே.

வெள்ளமும் அழைப்பும்

1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் மாண்டனர். தாமே நோயாளியாயிருந்த சரோஜினி அந்நாட்களில் நிவாரணப் பணியில் இறங்கினார். துயரத்தின் நடுவில் நிற்பவர் தாமும் அழுதுகொண்டிருந்தால் பயனில்லை என்பதை அவர் இங்குதான் கற்றிருக்க வேண்டும். அரசு அப்பணிக்காகக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் அதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோபால கிருஷ்ண கோகலே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியவர். கவிதையையும் கனவையும் நாட்டுக்கே காணிக்கையாக்குமாறு அவர் விடுத்த அழைப்பை சரோஜினி மறக்கவே இல்லை. 1914 ஆகஸ்டில் லண்டனில் காந்திஜியை முதன்முதலாகச் சந்தித்த காட்சியும் புகழ்பெற்றது. பழைய வீடொன்றின் மாடிப்படிகளில் ஏறிச் சென்ற சரோஜினி, திறந்த கதவின் வழியே ஒரு சிறிய மனிதரைக் கண்டார். மழித்த தலையுடன், சிறைக் கம்பளியை விரித்துத் தரையில் அமர்ந்து, மரக் கிண்ணத்திலிருந்து பிசைந்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் அவர் உண்டுகொண்டிருந்தார். சுற்றிலும் வறுத்த நிலக்கடலை டப்பாக்கள். சரோஜினி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். காந்திஜியும் சிரித்து, வந்தவர் யார் என்பதை உடனே ஊகித்து, உணவைப் பகிர்ந்துகொள்ள அழைத்தார். சரோஜினி அதை மறுத்துவிட்டார். சில நாட்களில், போர்வீரர்களுக்கென வெட்டி வைத்திருந்த ஒரு துணிக்குவியலைக் காந்திஜியின் முன் வைத்து, தைத்துத் தருமாறு கேட்டார். நட்பு இவ்வாறு தொடங்கியது.

அதன்பின் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, நாடே வணங்கிய அம்மனிதரைக் கேலி செய்யும் உரிமை சரோஜினியிடம் இருந்தது. அவரை மிக்கி மவுஸ் என்றே அழைத்தார். அவரை ஏழையாக வைத்திருக்க நண்பர்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று வேடிக்கையாகக் கணக்குப் பார்த்தார். காந்திஜி அவரைப் புல்புல் என்றார். இந்தக் கேலியில் குத்தல் இல்லை. காரணம் எளியது: சரோஜினியின் கேலிக்கு முதல் இலக்கு அவரே. தமது பருமனையும் முகத்தையும் வயதையும் அவர் விட்டு வைத்ததில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவர் பிறரைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் அது காயமாகிறது.

சிறையில் ஒரு தோட்டம்

1925-இல் கான்பூர் காங்கிரஸுக்குத் தலைமை ஏற்ற அவர், அப்பதவியை வகித்த முதல் இந்தியப் பெண்மணி. 1930 மே மாதம் காந்திஜி கைதானபின் தராசனா உப்பளப் போராட்டத்தின் பொறுப்பு சரோஜினியிடம் வந்தது. போலீசார் வழிமறித்தபோது, தொண்டர்களுடன் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட்டார். குஜராத்தின் மே மாத வெயில். ஒரு பகலும் இரவும் கடந்தது. அவர் முகத்தில் வாட்டம் இல்லை. மே 21-ஆம் நாள் தொண்டர்கள் வரிசை வரிசையாகச் சென்று தடியடி பட்டு வீழ்ந்தனர். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. அன்று சரோஜினி கைது செய்யப்பட்டார்.

சிறையில் அவர் செய்தவை மிகச் சாதாரணமானவை. எரவாடாச் சிறையில் பூச்செடிகள் நட்டு வளர்த்தார். கடிதங்கள் எழுதினார். 1932 செப்டம்பரில் காந்திஜி அங்கு உண்ணாவிரதம் இருந்தபோது, பெண்கள் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டு அவர் அருகில் இருந்தார். பார்வையாளர் கூட்டம் அவரைக் களைப்படையச் செய்யாதபடி காவலாகவும் நின்றார்.

1942 ஆகஸ்ட் 9-ஆம் நாள் காந்திஜியுடன் கைதாகிப் புணேயின் ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 63. ஆறே நாட்களில் மகாதேவ தேசாய் அங்கு மாரடைப்பால் மறைந்தார். அந்தச் சிறை வாழ்வின் இருள் விவரிக்க முடியாதது. சரோஜினி சமையலறைப் பொறுப்பை ஏற்றார். இன்று யாருக்கு என்ன உணவு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். அறைகளில் மலர்களை அடுக்கினார். துக்கத்தில் இருக்கும் வீட்டில் ஒருவர் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அந்த ஒருவராக அவர் இருந்தார். 1943 பிப்ரவரி 10-இல் தொடங்கிய காந்திஜியின் 21 நாள் உண்ணாவிரதம் முடிந்த அந்த மார்ச் மாதத்திலேயே, மலேரியா முற்றியதால் அரசு சரோஜினியை விடுதலை செய்தது.

இவ்வளவு மலர்ச்சிக்கும் அவர் கொடுத்த விலை உண்டு. 1917-க்குப் பின் தம் வாழ்நாளில் அவர் புதிய கவிதைத் தொகுதி எதையும் வெளியிடவில்லை. எஞ்சியவற்றை மகள் பத்மஜா 1961-இல் வெளியிட்டார். குழந்தைகள் தாயின் அருகாமை இல்லாத நீண்ட மாதங்களைக் கடந்தே வளர்ந்தனர். 1996-இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்களில் உடல்வலியும் வீட்டு ஏக்கமும் மறைக்கப்படாமல் தெரிகின்றன. அவற்றைத் தமக்கு நெருங்கியோரிடம் ஒளிவின்றிச் சொன்னார்; ஆயினும் அவற்றைச் சுமையாக அவர்கள் தோளில் ஏற்றவில்லை. அடுத்த வரியிலேயே பறவை, மரம், விருந்து, வேடிக்கை என்று கடிதம் நகர்ந்துவிடும். துயரத்தை மறுப்பது வேறு, துயரத்திற்கு வீட்டின் தலைமை இருக்கையைத் தர மறுப்பது வேறு. சரோஜினி செய்தது இரண்டாவது. ஸ்ரீபாஷ்யம் கூறும் அனவசாதத்திற்கு இதைவிட நெருங்கிய விளக்கம் இல்லறத்தாரின் வாழ்வில் எளிதில் கிடைக்காது. அனுத்தர்ஷத்தில் அவர் அவ்வளவு தேர்ந்தவர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; உற்சாகம் மிகும்போது அவருடைய நா சில சமயம் எல்லை மீறியதுண்டு.

பல சமயத்தார் கலந்து வாழ்ந்த ஹைதராபாத்தில் வளர்ந்த அவருக்கு ஒற்றுமை என்பது கொள்கையாக அல்ல, இளமைப் பழக்கமாகவே அமைந்திருந்தது. 1937 மார்ச்சில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நூற்றாண்டை ஒட்டிக் கல்கத்தாவில் நடைபெற்ற சர்வசமய மாநாட்டில் அவர் உரையாற்றியது மிகப் பொருத்தமானது.

1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநரானார். சுதந்திர பாரதத்தின் முதல் பெண் ஆளுநர் அவரே. 1948 ஜனவரி 30-இல் காந்திஜி மறைந்தபோது, சுற்றி நின்று கதறியவர்களைக் கண்டு, மன்னர்களின் நகரமாகிய தில்லியில் ஒரு மன்னருக்குரிய மரணமே அவருக்கு வாய்த்தது, அதற்கு ஏன் அழுகை என்னும் பொருள்படக் கேட்டார். வெகுநாள் நட்பை அன்று இழந்திருந்தவர் கேட்ட கேள்வி அது.

ஓராண்டு கழிந்தது. லக்னோவின் ஆளுநர் மாளிகையில் அவருடைய உடல்நிலை மோசமடைந்தது. 1949 மார்ச் முதல் நாள் இரவு, பணிவிடை செய்துகொண்டிருந்த செவிலியை ஒரு பாட்டுப் பாடுமாறு வேண்டினார். அப்பெண் பாடினார். அதைக் கேட்டபடியே சரோஜினி உறங்கினார். மார்ச் 2-ஆம் நாள் விடியற்காலை அவர் உயிர் பிரிந்தது. கோமதி நதிக்கரையில் இறுதிச் சடங்கு நடைபெற்றது.