ஓலை தேடிய கர்னல்

கணக்கு வகுப்பில் மடக்கை அட்டவணையைப் புரட்டும் நம் மாணவியருக்கு ஜான் நேப்பியரின் பெயர் புதிதன்று. தாம் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், ஓர் இளைஞரின் கவனத்தைத் தென்னிந்தியாவின் பக்கம் திருப்பியவரும் அவரே என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அந்த இளைஞர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்னும் ஊரில் 1754-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். நேப்பியரின் வரலாற்றை அவருடைய வழித்தோன்றல்கள் எழுத முனைந்தபோது, பண்டை இந்தியரின் கணித அறிவைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் வேலை இவருக்குக் கிடைத்தது. 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். மதுரையில் நேப்பியர் குலத்துப் பெண்மணியான ஹெஸ்டர் ஜான்ஸ்டனின் இல்லத்தில் தங்கி, உள்ளூர்ப் பண்டிதர்களோடு பழகினார். கணக்கைத் தேடி வந்தவர் மனத்தில், இந்நாட்டின் பழைய வரலாறு முழுவதையும் அறியவேண்டும் என்ற ஆசை அங்கேதான் வேரூன்றியது.

ஆசை இருந்ததே தவிர ஓய்வு இல்லை. மைசூர்ப் போர், புதுச்சேரி முற்றுகை, இலங்கைப் படையெடுப்பு என்று பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னொரு குறையும் இருந்தது. நம் மொழிகளில் ஒன்றுகூட அவருக்குப் படிக்கத் தெரியாது! 1796-ல் காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞரைச் சந்தித்திராவிட்டால், அந்த ஆசை ஆசையாகவே போயிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

போரய்யா பன்மொழி வல்லுநர். பழங்கன்னடக் கல்வெட்டு எழுத்துகளைப் படித்தறிய வழி கண்டவர். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது. சங்கிலி பிடித்து நிலம் அளப்பது அலுவல். அதனோடு கூடவே, பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஏடு தேடியது அவருடைய விருப்பவேலை.

அது எளிதாக இருக்கவில்லை. கம்பெனி ஆட்கள் செப்புப் பட்டயத்தைக் கேட்டால், மானிய நிலத்தைப் பிடுங்கவோ வரியை உயர்த்தவோதான் கேட்கிறார்கள் என்று ஊரார் அஞ்சினர். (அந்த அச்சத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?) ஆகவே உதவியாளர்கள் கோயில் குருக்களிடமும் ஊர்க் கணக்கரிடமும் பக்குவமாகப் பேசி, நம்பிக்கை பெற்ற பிறகே ஏடுகளைப் பார்த்தனர். கொடுத்தவற்றை வாங்கினர், கொடுக்காதவற்றைப் படியெடுத்தனர். பெரியவர்கள் வாய்மொழியாகச் சொன்ன ஊர்வரலாறுகளைக் கைபீது என்ற பெயரில் எழுதிக்கொண்டனர். செல்லும் கறையானும் அரிக்கும் ஓலைக்குப் படியெடுத்தலே அன்றைய காப்பு.

1803-ல் போரய்யா இளம் வயதிலேயே காலமானார். தம்பி லட்சுமய்யா அவருடைய இடத்தை ஏற்றார். மெக்கன்சி 1811 முதல் ஈராண்டுகள் ஜாவாவில் இருந்தபோதும், இங்கே தேடல் நிற்கவில்லை. 1815-ல் மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். மறு ஆண்டு தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில், செஞ்சட்டை அணிந்த கர்னலுடன் இந்தியர் மூவர் நிற்கின்றனர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி இருக்கிறது.

சேர்த்தவற்றுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று எழுதவேண்டும் என்பது மெக்கன்சியின் கனவு. அது நிறைவேறுமுன், 1821 மே 8 அன்று கல்கத்தாவுக்கு அருகே காலமானார். நூல்கள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218 என்று எண்ணிக் கணக்கிட்டனர். மனைவி பெட்ரொனெல்லாவிடமிருந்து கம்பெனி அத்தனையையும் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

1828-ல் பட்டியல் வெளிவந்தது. எழுதியவர் எச்.எச். வில்சன். வடமொழியில் பெரும் புலமை உடையவர். ஆனால் தென்னாட்டு மொழிகள் அறியாதவர். லட்சுமய்யாவும் தோழர்களும் எழுதிவைத்த ஆங்கிலச் சுருக்கங்களே அவருக்குக் கைகொடுத்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டோடு வாழ்ந்த லட்சுமய்யாவோ, விட்ட பணியைத் தாமே தொடர அனுமதி வேண்டினார். கல்கத்தா ஆசியவியல் கழகம், அவருக்கு அதற்கான தகுதி போதாது என்று சொல்லி மறுத்துவிட்டது. இதைப் படிக்கும்போது நமக்கு மனம் ஆறவில்லை.

தொகுப்பின் ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பி, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அங்கே அதற்கு மெக்கன்சி சுவடிகள் என்று பெயர்.