சீன ராஜசபையில் ஒரு புதுக் கிறிஸ்தவர்



பெரிய சனிக்கிழமை இரவில் நம் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற வயதுவந்தவர்களில் ஒருவர், சில தினங்கள் கழித்து என்னைப் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதிலும் ஜெபம் சொல்லுவதிலும் தமக்கு யாதொரு கஷ்டமுமில்லை என்றும், திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதுதான் தாம் யார் என்று தமக்கே விளங்கவில்லை என்றும் சொன்னார். அதே மேஜை, அதே நண்பர்கள், அதே வழக்கங்கள். எதில் சேரலாம், எதில் விலகவேண்டும்? அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. ஆகையால் அவருக்கும், அவரைப்போன்ற மற்றவர்களுக்குமாக, நானூறு வருஷங்களுக்கு முன் சீன தேசத்தில் இதே கேள்வியோடு வாழ்ந்த ஒரு பெரியவரின் சரித்திரத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் சூ குவாங்சி. 1562-ம் ஆண்டில் ஷாங்காயில் பிறந்தார். ஷாங்காய் அப்போது ஒரு சிறிய ஊர். குடும்பம் நொடித்துப்போன குடும்பம். அந்நாளில் சீனாவில் ஏழைப் பிள்ளை முன்னுக்கு வர ஒரே வழி பரீட்சைதான். ஊர்ப் பரீட்சை, மாகாணப் பரீட்சை, தலைநகர்ப் பரீட்சை என்று மூன்று படிகள். முதற்படியைப் பத்தொன்பது வயதில் ஏறிவிட்டவர் இரண்டாம் படிக்குப் பல வருஷங்கள் காத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வயிறு வளர்த்தார். 1597-ல் அவர் எழுதிய தாள் தள்ளுபடியான தாள்களோடு கிடந்தது. தலைமைப் பரீட்சகர் அதை எடுத்துப் படித்து, அதற்கே முதல் ஸ்தானம் கொடுத்தார். அதற்குப்பின் 1601-ல் தலைநகர்ப் பரீட்சை. முந்நூறு பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டிய இடத்தில் கணக்குப் பிசகி முந்நூற்றொருவர் ஆகிவிட, நீக்கப்பட்ட அந்த ஒருவர் நம் சூ குவாங்சிதான் என்று மத்தேயு ரிச்சி சுவாமி எழுதிவைத்திருக்கிறார். அன்று அவர் தேறியிருந்தால் உத்தியோகத்தின் ஆரவாரத்தில் சத்திய வேதத்தைத் தேடியிருப்பாரோ என்னவோ!

சேசு சபைக் குருக்களை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். தென்சீனாவில் ஆசிரியராயிருந்தபோது, 1595 வாக்கில், கத்தானேயோ சுவாமியைச் சந்தித்தார். 1600-ல் நான்கிங்கில் ரிச்சி சுவாமியைக் கண்டார். 1603-ல் மறுபடியும் நான்கிங்குக்கு வந்தபோது ரிச்சி சுவாமி பெக்கிங் போய்விட்டிருந்தார். அங்கிருந்தவர் ரோச்சா சுவாமி. தேவமாதா சேசு பாலனை ஏந்திய படத்தின்முன் வணங்கிவிட்டு, வேத சத்தியங்களைப்பற்றிய புஸ்தகங்களை வாங்கிப்போய் இராமுழுதும் வாசித்தார். அதன்பின் தினந்தோறும் வந்து ஞானோபதேசம் கேட்டார்.

ஆனால் ஒரு தடை இருந்தது. அவருக்கு ஒரே மகன், பேரப்பிள்ளை பிறக்கவில்லை. வம்சம் அற்றுப்போவது சீனர் மனதில் பெற்றோருக்குச் செய்யும் பெருந்துரோகம். வசதியுள்ள எவரும் அந்நிலையில் இரண்டாம் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஊரார் அதைக் குற்றமாக எண்ணமாட்டார்கள், கொண்டுவராததையே குற்றமாக எண்ணுவார்கள். இந்த ஒரு கற்பனை தமக்குக் கடினமென்று அவர் குருவானவரிடம் ஒளிக்காமல் சொன்னார். சந்ததி சர்வேசுரனுடைய சித்தத்தில் இருக்கிறது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அவர் யோசித்தார், பிறகு சம்மதித்தார், சின்னப்பர் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். பேரப்பிள்ளைகள் பின்னால் பிறந்தார்கள் என்பது மெய். ஆனால் சம்மதித்த அன்று அது அவருக்குத் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த வருஷமே தலைநகர்ப் பரீட்சையில் தேறி, ராஜாங்கக் கல்விச் சபையில் சேர்க்கப்பட்டார். பெக்கிங்கில் வேலை முடிந்தபின் ரிச்சி சுவாமியிடம் போய் மணிக்கணக்காக உட்கார்ந்து, யூக்ளிட் என்ற கிரேக்கருடைய க்ஷேத்திர கணிதத்தில் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழியில் பெயர்த்தார். அது 1607-ல் அச்சாகியது. புள்ளிக்கும் கோட்டுக்கும் அவர்கள் அமைத்த சீனச் சொற்களையே அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பக்திக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கக்கூடும். உண்மை எங்கிருந்தாலும் சர்வேசுரனுடையது என்று நம்பியவருக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை.

அதே வருஷத்தில், பெக்கிங்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்த அவருடைய தகப்பனார் காலமானார். நமது புதுக் கிறிஸ்தவர்களுக்கு மிகவும் வேதனையான இடம் இதுவே. உயர்ந்த உத்தியோகஸ்தர் தகப்பனாருக்கு என்ன செய்கிறார் என்று ஊரே பார்க்கும். சின்னப்பர் திருச்சபை முறைப்படி பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். ஆனால் தேச வழக்கத்தை உதறவுமில்லை. உத்தியோகத்தை விட்டு இருபத்தேழு மாதம் துக்கம் காக்கும் சட்டத்தைப் பூரணமாக அனுசரித்து, பிரேதத்தை ஷாங்காய்க்குக் கொண்டுபோனார். முன்னோருக்குச் செய்யும் மரியாதையில் எவ்வளவு தகும், எவ்வளவு தகாது என்பதைப்பற்றிப் பிற்காலத்தில் பெரும் வாதம் நடந்தது. 1742-ல் ரோமாபுரி அந்தச் சடங்குகளைக் கண்டிப்பாய்த் தடுத்தது. 1939-ல், அவை வெறும் சமூக மரியாதையாய் இருக்குமளவில் அனுமதித்தது. திருச்சபைக்கே இரண்டு நூற்றாண்டு பிடித்த விஷயத்தில் புதுக் கிறிஸ்தவர் ஒருவர் தடுமாறினால் நாம் ஏளனம் செய்யலாகாது.

துக்க காலத்தை அவர் வீணாக்கவில்லை. 1608-ல் கத்தானேயோ சுவாமியை ஷாங்காய்க்கு வரவழைத்தார். அவ்வூர்த் திருச்சபை அப்படித்தான் துவங்கியது. அதே வருஷம் வெள்ளத்தால் பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. தெற்கே பியூக்கியன் நாட்டிலிருந்து சர்க்கரைவள்ளிக் கொடிகளை வரவழைத்துத் தமது நிலத்தில் நட்டுப் பார்த்தார்; நன்றாய் விளைந்தது. நடும் விதத்தை எல்லாருக்கும் விளங்கும்படி எழுதிப் பரப்பினார். கிழங்கு தின்றவர்கள் அவருடைய வேதத்தில் சேரவேண்டுமென்று அவர் நிபந்தனை வைக்கவில்லை.

சோதனை 1616-ல் வந்தது. நான்கிங்கிலிருந்த ஷென் சுவே என்ற அதிகாரி, அந்நிய குருக்கள் தேசத்துக்கு அபாயம் என்று சக்கரவர்த்திக்கு மனு அனுப்பினார். சின்னப்பர் வாய்மூடி இருந்திருக்கலாம், உத்தியோகம் பத்திரமாயிருந்திருக்கும். அவரோ தம் பெயரிலேயே பதில் மனு எழுதினார். குருக்களின் புஸ்தகங்களைப் பெயர்த்துப் பரிசோதியுங்கள். மற்ற மதத்தாரோடு தர்க்கம் செய்ய விடுங்கள். குற்றம் தெரிந்தால் அவர்களோடு சேர்த்து என்னையும் தண்டியுங்கள் என்பது அதன் சாரம். சக்கரவர்த்தி மனுவைப் பார்த்ததாகக் குறித்தார், அவ்வளவே. மறு வருஷம் குருக்களை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. சிலர் மக்காவோவுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்களைக் கிறிஸ்தவர்கள் தங்கள் வீடுகளில் மறைத்துக் காத்தார்கள். மனு தோற்றது. ஆனால் சின்னப்பர் தம் வேதத்தை மறைத்து உத்தியோகம் பார்த்தார் என்று எவரும் சொல்ல முடியாது.

பின்னும் பலமுறை பதவி விலகினார், பலமுறை அழைக்கப்பட்டார். 1629 ஜூன் 21-ல் நேர்ந்த சூரிய கிரகணத்தின் நேரத்தை அரசாங்க ஜோதிடர்கள் தவறாகக் கணித்தார்கள்; அவருடைய கணக்கு சரியாயிருந்தது. பஞ்சாங்கத்தைத் திருத்தும் வேலை முழுவதும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. முதிர்ந்த வயதிலும் அவர் அந்த வேலையை நேரில் நடத்தினார். 1632-ல் சக்கரவர்த்தியின் பிரதான மந்திரிகளில் ஒருவரானார். பஞ்சாங்க வேலை முடியுமுன்னே, 1633 நவம்பர் 8-ந் தேதி, பெக்கிங்கில் மரித்தார்.

அக்காலத்து மந்திரி பதவியென்றால் செல்வம் குவியும் பதவி. இவருடைய பெட்டியை மூடிய அன்று கையிருப்பில் பணம் ஒன்றும் மிஞ்சவில்லை. லஞ்சம் வாங்குகிறவர்கள் வெட்கப்படும்படி, இவர் குடும்பத்துக்கும் இவரைப்போலவே வெறுங்கையோடு இறந்த இன்னொரு மந்திரியின் குடும்பத்துக்கும் விசேஷ உதவி செய்யவேண்டுமென்று ஒரு கண்காணிப்பு அதிகாரி சக்கரவர்த்தியிடம் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தை மிங் வம்சத்தின் அரசாங்கச் சரித்திரத்தில் எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவர்களல்ல.