பண்டிதர் இறைத்த கவலை

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது விடுதி அறையில் நான் தனியே அடைபட்டுக் கிடந்தேன். புத்தகங்கள் இருந்தன, படிக்க மனம் இல்லை. உறக்கமும் போயிற்று. அந்நாட்களில்தான் நேருவின் சுயசரிதையைப் புரட்டினேன். 1889-இல் பிறந்து 1964-இல் மறைந்த அவர், வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். இத்தனை காலம் இவர் மனம் உடையாமல் இருந்தது எப்படி? எழுத்தும் படிப்பும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

1922-இல் லக்னோ சிறை. முற்றமோ சிறியது. கைதிகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். சில வேளைகளில் இருவர் நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல நின்று, கிணற்றிலிருந்து பெரிய தோற்சாலில் நீர் இழுத்துக் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சுவார்கள். நம் ஊரில் இதற்குக் கவலை இறைத்தல் என்று பெயர். ஆனந்த பவனத்துச் செல்வ மகன் கவலை இறைத்தார்! மனத்திலுள்ளதற்கும் கிணற்றிலுள்ளதற்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்தது தற்செயல்தான். ஆயினும் எனக்கு அது பிடித்திருந்தது.

சிறையில் அவர் சிரசாசனமும் செய்தார். உடம்பைவிட உள்ளத்துக்கே அது அதிக நன்மை செய்தது என்பது அவர் எண்ணம். தலைகீழாக நிற்கிற வேடிக்கையே மனத்தை இளக்கி, வாழ்க்கையின் கோணல்களைப் பொறுத்துக்கொள்ளச் செய்ததாம். நானும் முயன்றேன். கால்கள் மேலே போகுமுன் கட்டிலடியில் உருண்டேன். பல நாட்களாக வராத சிரிப்பு அன்று வந்தது.

இதனால் துயரமெல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். 1934-35-இல் அவர் சிறையில் இருக்க, கமலா நோயில் கிடந்தார். அந்த நாட்களைப் பற்றிய பக்கங்கள் கனமானவை. எந்த ஆசனமும் அந்தப் பாரத்தை இறக்கவில்லை. 1936 பிப்ரவரியில் கமலா காலமானார்.

1942 ஆகஸ்டில் அவரை அகமதுநகர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் பேனா ஓடவில்லை. கையில் மண்வெட்டி எடுத்தார். கல்லும் பழைய இடிபாடுமாக இருந்த மண்ணில், சுடுகிற வெயிலில், பூம்பாத்திகள் வெட்டினார். தோண்டத் தோண்டப் பழஞ்சுவர்கள் தலைகாட்டின. ஒரு நாள் கல்லில் செதுக்கிய அழகிய தாமரை ஒன்று வெளிப்பட்டது. அதைக் கண்டதும் அவருக்கு டேராடூன் சிறை நினைவு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே தோண்டும்போது கிடைத்தவை பழைய தூக்குமரத்தின் அடிக்கட்டைகள். உடனிருந்த கைதிகளும் கைகொடுக்க, அந்த அமங்கலத்தை வேரோடு பிடுங்கி எறிந்து எல்லோரும் மகிழ்ந்திருந்தார்கள்.

1944 ஏப்ரலில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார். செப்டம்பருக்குள் ‘டிஸ்கவரி ஆப் இந்தியா’ முடிந்தது. தாமரையும் தூக்குமரமும் அதன் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கின்றன.