அளவைக் கண்ட வைத்தியர்

மருந்தைக் கண்டுபிடித்தவரை உலகம் கொண்டாடுகிறது. அதை எவ்வளவு கொடுக்கலாம், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்று கண்டு சொன்னவரை அவ்வளவாக நினைப்பதில்லை. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த டாக்டர் வில்லியம் விதரிங் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். நர்ஸ் பயிற்சி பெறும் மாணவ மாணவிகளும், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பொறுப்பு வகிக்கும் கனவான்களும் அவருடைய சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

விதரிங் 1741-ம் வருஷம் ஷ்ராப்ஷயர் ஜில்லாவிலுள்ள வெல்லிங்டனில் பிறந்தார். 1766-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, ஸ்டாபோர்டு நகரில் தொழிலை ஆரம்பித்து, 1775-ல் பர்மிங்ஹாம் சென்று குடியேறினார். தாவர சாஸ்திரத்திலும் அவர் வல்லவர். பிரிட்டிஷ் தாவரங்களைப் பற்றி 1776-ல் பெரிய நூலொன்றை வெளியிட்டார்.

அவருடைய புகழுக்குக் காரணமான சம்பவம் 1775-ல் நிகழ்ந்தது. ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி, தேகத்தில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குப் பரம்பரை இரகசியமாக ஒரு கஷாயம் கொடுத்து வந்தாள். பட்டம் பெற்ற வைத்தியர்கள் கைவிட்டவர்களும் சில சமயம் அதனால் குணமடைந்தார்கள். அந்தக் கஷாயத்தைப் பற்றி விதரிங்கின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் அதில் சேர்ந்திருந்தன. வேலை செய்வது பாக்ஸ்கிளவ் என்ற செடி ஒன்றே என்பதைத் தாவரமறிந்த அவருடைய கண் எளிதில் கண்டுகொண்டது. பாட்டி வைத்தியமென்று அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவுமில்லை.

அந்தச் செடி விஷச்செடி. ஆகையால் அளவைக் காண்பதே அவருக்குப் பெரும் பிரச்னையாயிற்று. தம்மிடம் இலவசமாக வைத்தியம் செய்துகொள்ள வந்த ஏழைகளுக்கு அவர் அதைக் கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் கொடுத்த அளவு மிகவும் அதிகம். அதன் துன்பத்தை அனுபவித்தவர்கள் அந்த ஏழைகளே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இலையின் சக்தி பருவத்துக்குப் பருவம் மாறுவதையும், அதிகமாகக் கொதிக்கவைத்தால் வீரியம் குறைவதையும் கவனித்தார். முடிவில், பூக்கும் தருணத்தில் பறித்த இலையை உலர்த்திப் பொடியாக்கி, பெரியவர்களுக்கு 1 முதல் 3 கிரெயின் வரை தினம் இருமுறை கொடுப்பதென்று வகுத்தார். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்.

பத்து வருஷத்து அனுபவத்தை 1785-ல் புஸ்தகமாக வெளியிட்டார். குணமானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டாமல், பலனடையாதவர்களையும் இறந்தவர்களையும் அதில் சேர்த்தார். வாந்தி, பேதி, பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றுதல், நாடி நிமிஷத்துக்கு 35 வரை தாழ்தல் ஆகியவை மருந்து மிஞ்சியதன் குறிகளென்று எழுதினார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் இவற்றில் எதிலாவது மருந்தின் செயல் தென்பட்டவுடனே நிறுத்திவிட வேண்டுமென்பது அவர் விதி. அடுத்தடுத்து அவசரமாகக் கொடுத்தால், குறி தோன்றுமுன்பே மருந்து உடலில் சேர்ந்து அபாயம் விளைவிக்குமென்றும் எச்சரித்தார். அம்மருந்து பிரதானமாக இருதயத்தில் வேலை செய்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1799-ல் அவர் காலமானார்.

அதே இனச் செடியொன்றிலிருந்து 1930-ல் டிஜாக்ஸின் பிரித்தெடுக்கப்பட்டது. அது இன்றும் உபயோகத்திலிருக்கிறது. குணம் செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி அதில் மிகக் குறுகியது. 0.25 மில்லிகிராம் என்பதில் புள்ளி ஓரிடம் தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவேதான், கொடுக்குமுன் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் இருதயத் துடிப்பை எண்ணவேண்டுமென்றும், பெரியவர்களுக்கு 60-க்குக் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவைத்து டாக்டருக்குத் தெரிவிக்கவேண்டுமென்றும் நர்ஸுகளுக்குப் போதிக்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வழக்கமான அளவே விஷமாகக் கூடும்.

இவ்விதியை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. காரணம் தெரியாத நர்ஸ் 58 என்று எண்ணி எழுதிவிட்டு, மாத்திரையையும் கொடுத்துவிடுவாள். காரணம் தெரிந்தவள் கையை நிறுத்திக்கொள்வாள். விதரிங் சொன்ன குறிகள் முதலில் தென்படுவது படுக்கையருகில் நிற்பவர் கண்ணுக்கே. ஆகையால் மருந்துகளின் குணதோஷங்களை நர்ஸுகளுக்கு ஐயமறப் போதிக்கவேண்டும். சந்தேகம் தோன்றியபோது மருந்தை நிறுத்திவைத்துக் கேட்கும் நர்ஸைக் கீழ்ப்படியாதவளென்று கண்டிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது ஒழியவேண்டும். அளவு காணப்படாத காலத்தில் ஏழை நோயாளிகள் பட்ட துன்பத்துக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அளவு தெரிந்த காலத்தில் ஒருவர் அத்துன்பத்தை அடைந்தால், அதற்குச் சமாதானம் ஏது?